சிமுலேட்டர் வானமும் பத்து பாகாட் வானமும்

விமானம் ஓட்டும் அனுபவத்தைக் கணினித் திரையில் உருவாக்கித் தரும் சிமுலேட்டர் மென்பொருள்களில் ஓடுபாதையின் நீளம், இயந்திரத்தின் ஒலி, இறக்கையின் தூக்குவிசை ஆகியவை எவ்வளவு துல்லியமாக அமைந்திருந்தாலும், விமானியறையின் முன்கண்ணாடி வழியே தெரியும் காட்சியில் பெரும்பகுதி வானமாகவே இருப்பதால், அந்த வானத்தின் நிறம் பொய்த்துவிட்டால் மற்றவை அனைத்தும் பொம்மையாகிவிடுகின்றன. எனவே வான நிறம் என்பது அலங்காரம் சார்ந்த சிறு விவகாரம் அன்று. காட்சித் தொலைவை மதிப்பிடுவது, அடிவானத்தைக் கொண்டு விமானத்தின் நிலையை உணர்வது, பொழுது எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கணிப்பது என விமானி கண்ணால் செய்யும் வேலைகள் பலவற்றுக்கும் அதுவே ஆதாரம். இத்துறையில் இரண்டு கேள்விகள் உள்ளன: வானத்தை வரைவதா, கணக்கிடுவதா என்பது முதற்கேள்வி, கணக்கிடுவதாயின் எந்த ஊரின் காற்றைக் கொண்டு கணக்கிடுவது என்பது இரண்டாவது. முதற்கேள்விக்குக் கடந்த முப்பது ஆண்டுகளில் தெளிவான விடை கிடைத்துவிட்டது. இரண்டாவது கேள்வி பெரும்பாலும் கேட்கப்படாமலேயே இருக்கிறது என்பதும், அதைக் கேட்டுப் பார்க்க மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தின் மேற்குக் கரையில் உள்ள பத்து பாகாட் மிகப் பொருத்தமான இடம் என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

பத்து பாகாட் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 1.85 பாகை வடக்கே, பத்து பாகாட் ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கும் இடத்தை ஒட்டி அமைந்த நகரம். மேற்கே நீரிணையும் அதற்கப்பால் சுமத்ராவும், கிழக்கே ஆயர் ஈத்தாம், யோங் பெங் நோக்கி விரியும் செம்பனைத் தோட்டங்களும், தெற்கே கரையோரமாக பானாங் மலையும் மின்யாக் பெக்கு கடற்கரையும் உள்ள இவ்வட்டாரத்தில் காற்று ஆண்டு முழுவதும் ஈரமானது. பருவக்காற்று மாறும் மாதங்களில் பிற்பகல் இடிமழை வழக்கமானது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நீரிணையைக் கடந்து விடியற்காலையில் கரையேறும் ‘சுமத்ராஸ்’ என்னும் புயல்வரிசை கரையோரத்தாருக்கு நன்கு பழக்கமானது. மார்ச் 25, செப்டம்பர் 18 ஆகிய நாள்களை ஒட்டி நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர்மேலே வந்து நிற்கிறது. சில ஆண்டுகளில் நீரிணைக்கு அப்பாலிருந்து வரும் புகைமூட்டம் வானத்தையே மறைத்துவிடுகிறது. ஈரம், கடலுப்பு, புகை, செங்குத்தான சூரியன் ஆகிய நான்கும் கூடும் இந்த வானம், மிதவெப்ப நாடுகளின் தெளிந்த வானத்தை மாதிரியாகக் கொண்டு எழுதப்பட்ட நிரல்களுக்குக் கடுமையான சோதனைக்களம்.

வானம் ஏன் நீலம் என்பதற்கான விளக்கம் 1871இல் ராலே பிரபு வகுத்த விதியிலிருந்து தொடங்குகிறது. ஒளியின் அலைநீளத்தைக் காட்டிலும் மிகச் சிறிய துகள்கள், குறிப்பாகக் காற்றின் மூலக்கூறுகள், ஒளியைச் சிதறடிக்கும்போது சிதறலின் அளவு அலைநீளத்தின் நான்காம் படிக்குத் தலைகீழ் விகிதத்தில் அமைகிறது. அதனால் 680 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பைவிட 440 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீலம் ஏறத்தாழ 5.7 மடங்கு அதிகமாகச் சிதறுகிறது. துகள்கள் அலைநீளத்துக்கு ஒப்பான அளவினவாகவோ அதைவிடப் பெரியனவாகவோ இருந்தால் நிலைமை மாறுகிறது. தூசு, புகை, கடலுப்பு, நீர்த்திவலை போன்றவற்றின் சிதறலை விளக்க 1908இல் குஸ்தாவ் மீ தந்த கோட்பாட்டின்படி, இத்தகைய துகள்கள் நிறங்களுக்கிடையே பெரிய வேறுபாடு காட்டாமல், ஒளியைப் பெரும்பாலும் அது செல்லும் திசையிலேயே முன்னோக்கிச் சிதறடிக்கின்றன. சூரியனைச் சுற்றிக் காணப்படும் வெண்மையான பொலிவும், அடிவானத்தின் பால்போன்ற வெளிறலும் இவற்றின் வேலை. காற்றில் மிதக்கும் இத்துகள்களுக்கு ஏரோசால் என்பது பொதுப்பெயர்.

இந்த அறிவியலில் தமிழ்நாட்டவரின் பங்கு, வரைகலை நூல்கள் பலவற்றில் பெயரளவில்கூட நினைவுகூரப்படுவதில்லை என்றாலும், அடிப்படையானது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன், 1921இல் இங்கிலாந்திலிருந்து நார்குண்டா கப்பலில் திரும்பியபோது, கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்று ராலே கொண்டிருந்த கருத்தை ஒரு நிக்கோல் பட்டகத்தைக் கொண்டு சோதித்தார். நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியைப் பட்டகத்தால் விலக்கிய பின்னரும் கடல் நீலமாகவே, இன்னும் ஆழ்ந்த நீலமாக, தெரிந்ததிலிருந்து நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1928இல் ராமன் விளைவாக முடிந்த ஆய்வுப் பாதை அங்கிருந்தே தொடங்கியது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1940களில் யெர்க்ஸ் வானாய்வகத்தில் பணியாற்றியபோது, ஒரு வாயு மண்டலத்துக்குள் நுழையும் ஒளி பலமுறை சிதறி வெளியேறுவதைக் கணக்கிடும் முறையை முழுமைப்படுத்தி, 1950இல் ‘ரேடியேட்டிவ் டிரான்ஸ்ஃபர்’ என்ற நூலாக வெளியிட்டார். சூரிய ஒளி பட்ட வானத்தின் பொலிவையும் ஒளியின் முனைவாக்கத்தையும் துல்லியமாகக் கணிக்க அது வழிசெய்தது. இன்று ஒரு சிமுலேட்டர் வினாடிக்கு அறுபது முறை வானத்தைக் கணக்கிடும்போது, அது சந்திரசேகர் தீர்த்த அதே சமன்பாட்டைத்தான் சுருக்கியும் தோராயப்படுத்தியும் தீர்த்துக்கொண்டிருக்கிறது.

தொடக்ககாலச் சிமுலேட்டர்களுக்கு இந்த இயற்பியல் எதுவும் தேவைப்படவில்லை, தேவைப்பட்டாலும் தாங்கும் திறன் கணினிகளுக்கு இல்லை. புரூஸ் ஆர்ட்விக் ஆப்பிள் கணினிக்காக உருவாக்கி, பின்னர் 1982இல் மைக்ரோசாஃப்ட் ஐபிஎம் கணினிக்கு வெளியிட்ட ஃபிளைட் சிமுலேட்டரில் வானம் என்பது ஒரே சீரான நிறம் நிரப்பப்பட்ட வெளி. பின்வந்த பதிப்புகளில் அடிவானத்தை நோக்கி வெளிறும் நிறத்தொடர் வந்தது. 2006இல் வெளிவந்த ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸ் காலத்தில் பொழுதுக்கேற்ற வானப் படங்கள் கோப்புகளாக அடுக்கப்பட்டிருந்தன. அவற்றை மாற்றி வேறு படங்களை இட்டு வானத்தை அழகுபடுத்தும் துணை மென்பொருள்கள் தனிச் சந்தையாகவே வளர்ந்தன. அந்த மென்பொருளில் பொழுதை விரைவாகத் தேர்வதற்கு விடியல், பகல், அந்தி, இரவு என நான்கு வாய்ப்புகள் இருந்தன. தமிழ் இலக்கண மரபு நாளை ஆறு சிறுபொழுதாகப் பகுத்து, வைகறைக்கும் காலைக்கும், எற்பாட்டுக்கும் மாலைக்கும் வேறுவேறு உணர்வுநிலை உண்டு என்று கொண்டதை அறிந்த வாசகருக்கு, நான்கு பொழுதுகளில் ஒரு நாளை அடைத்துவிட முடியாது என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. வரையப்பட்ட வானத்தின் உண்மையான குறை அழகின்மை அன்று, பல படங்கள் மிக அழகானவை. சூரியனின் உயரம், விமானத்தின் உயரம், காற்றின் கலங்கல் ஆகிய மூன்றும் தனித்தனியே மாறும்போது படம் அவற்றோடு சேர்ந்து மாறாது என்பதே குறை.

கணக்கிடப்பட்ட வானத்தின் வரலாறு வரைகலை ஆய்வரங்குகளில் நிகழ்ந்தது. விண்வெளியிலிருந்து பார்க்கும் பூமியையும் அதன் காற்று மண்டலத்தையும் ஒளிச்சிதறலைக் கணக்கிட்டுக் காட்டும் முறையை டோமோயுகி நிஷிதாவும் அவருடைய ஜப்பானியச் சகாக்களும் 1993இல் வெளியிட்டனர். 1999இல் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏ. ஜே. பிரீதம், பீட்டர் ஷர்லி, பிரையன் ஸ்மிட்ஸ் ஆகியோர், சூரியனின் உயரமும் கலங்கல் எண் எனப்படும் ஓர் எண்ணும் கொடுத்தால் வானத்தின் எந்தப் புள்ளியின் நிறத்தையும் சில எளிய சூத்திரங்களால் தரக்கூடிய மாதிரியைத் தந்தனர். அதன் எளிமையால் அது வீடியோ விளையாட்டுகளில் வேகமாகப் பரவியது. 2012இல் லூகாஷ் ஹோஷெக்கும் அலெக்சாண்டர் வில்கியும் அதன் பிழைகளைத் திருத்தி, தரையின் பிரதிபலிப்பையும் சேர்த்து மேம்பட்ட மாதிரியை அளித்தனர். எனினும் இவ்விரு மாதிரிகளிலும் பார்ப்பவர் தரையில் நிற்கிறார். பயணி விமானம் பறக்கும் 11 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் முக்கால் பங்கு காலுக்குக் கீழே போய்விடுவதால் தலைக்கு மேலே வானம் கருநீலமாக ஆழ்கிறது, அடிவானத்தில் வெண்பட்டை மட்டும் எஞ்சுகிறது. இந்த மாற்றத்தைக் காட்ட இயலாத மாதிரி கட்டடக் கலைஞருக்கு உதவும், விமானிக்கு உதவாது.

சிமுலேட்டருக்கு உண்மையில் வழிதிறந்தது 2008இல் எரிக் புருனேட்டனும் ஃபாப்ரிஸ் நேரேயும் வெளியிட்ட முறை. தரை முதல் விண்வெளி வரை எந்த உயரத்திலிருந்து எந்தத் திசையில் பார்த்தாலும் கிடைக்கும் நிறத்தை, ஒளி பலமுறை சிதறுவதையும் உட்படுத்தி முன்கூட்டியே கணக்கிட்டு அட்டவணைகளாகச் சேமித்துக்கொள்வதும், பறக்கும்போது அவற்றைப் பார்த்து எடுத்துக்கொள்வதும் அதன் உத்தி. ஒருமுறைச் சிதறலை மட்டும் கணக்கில் எடுத்தால் வானம் தேவைக்கு மேல் இருண்டு, அடிவானம் வெளிறாமல் மஞ்சளடித்துப் போகும் என்பதால் இந்தப் பன்முறைச் சிதறல் ஆடம்பரமன்று. ஆனால் காற்றின் தன்மை மாறினால் அட்டவணை முழுவதையும் மறுபடி கணக்கிட வேண்டும். மழைக்கு முன்னும் பின்னும் வேறு காற்றாகிவிடும் ஊருக்கு இது பெருந்தடை. அத்தடையை 2020இல் எபிக் கேம்ஸ் நிறுவனத்தின் செபாஸ்டியன் ஹிலேர் நீக்கினார். பன்முறைச் சிதறலை ஒரு பெருக்குத்தொடராகத் தோராயப்படுத்தி, அட்டவணைகளைச் சிறிதாக்கி, ஒவ்வொரு சட்டகத்துக்கும் அவற்றைப் புதிதாகவே கணக்கிட அவர் முறை இடந்தருகிறது. அதே 2020இல் மேகங்களையும் வளிமண்டலத்தையும் கனபரிமாணமாகக் காட்டிய மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரும், ட்ரூஸ்கை என்னும் வானக்காட்சித் தொழில்நுட்பத்தைச் சேர்த்துக்கொண்ட பிரிபேர்3டி சிமுலேட்டரின் ஐந்தாம் பதிப்பும், 2022இல் ஒளியை உண்மையான ஒளி அலகுகளில் கணக்கிடும் எக்ஸ்-பிளேன் 12உம் வந்தன. வரைவதா, கணக்கிடுவதா என்ற கேள்வி அத்துடன் முடிந்துவிட்டது.

முடியாதது காற்றைப் பற்றிய கேள்வி. இம்முறைகள் அனைத்துக்கும் உள்ளீடாகச் சில எண்கள் தேவை: உயரம் கூடக்கூட மூலக்கூறுகள் எந்த வேகத்தில் குறைகின்றன, ஏரோசால் எந்த வேகத்தில் குறைகிறது, அது எவ்வளவு ஒளியைச் சிதறடிக்கிறது, எவ்வளவை விழுங்குகிறது என்பவை அவை. ஆய்வுக் கட்டுரைகளில் வழிவழியாக எடுத்தாளப்படும் எண்கள், மூலக்கூறுகளின் அடர்த்தி 8 கிலோமீட்டருக்கும் ஏரோசாலின் அடர்த்தி 1.2 கிலோமீட்டருக்கும் ஒருமுறை சுமார் மூன்றில் ஒன்றாகக் குறைவதாகவும், ஏரோசால் எல்லா நிறங்களையும் ஏறக்குறையச் சமமாகக் கையாள்வதாகவும் கொள்கின்றன. இது தெளிந்த காற்றின் கணக்கு. பத்து பாகாட்டின் காற்றை இந்த எண்களோடு ஒப்பிடும்போதுதான் விலகல்கள் புலப்படுகின்றன.

முதலில் சாதாரணமான ஒரு பகற்பொழுதை எடுத்துக்கொள்ளலாம். கண்ணுக்குத் தெரியும் தொலைவுக்கும் காற்றின் ஒளித்தேய்வுக்கும் உள்ள தொடர்பை 1924இல் கோஷ்மீடர் ஓர் எளிய சூத்திரமாக்கினார்: 3.9 என்ற எண்ணை ஒரு கிலோமீட்டருக்கான ஒளித்தேய்வு எண்ணால் வகுத்தால் காட்சித் தொலைவு கிடைக்கும். ஏரோசாலே இல்லாத தூய காற்றாயின் பச்சை ஒளிக்கு அத்தொலைவு ஏறத்தாழ 290 கிலோமீட்டர். காட்சித் தொலைவு 20 கிலோமீட்டராக உள்ள ஒரு நாளில், கிடைமட்டமாகப் பார்க்கும் விமானியின் கண்ணுக்கு வரும் மங்கலில் காற்று மூலக்கூறுகளின் பங்கு பதினான்கில் ஒன்றுதான். மற்றதெல்லாம் துகள்களின் வேலை. ஈரப்பதம் உயரும்போது கடலுப்பும் சல்பேட்டும் நீரை உறிஞ்சிப் பருத்து மேலும் மங்கலாக்குகின்றன. ஆகவே தாழப் பறக்கும் சிறு விமானத்திலிருந்து தெரியும் வானத்தின் அடிப்பகுதி நீலமே இல்லாத, வெள்ளைக்கும் வெளிர்சாம்பலுக்கும் இடைப்பட்ட நிறத்தில் இருப்பது இவ்வட்டாரத்தின் இயல்பு. சிமுலேட்டர் திரையில் அடிவானம்வரை ததும்பும் நீலத்தைக் கண்டு மகிழ்பவர் உண்மையில் வேறொரு நாட்டின் வானத்தைப் பார்க்கிறார்.

இந்த மங்கலை நேரடி வானிலைத் தரவிலிருந்து பெறலாமே என்று தோன்றலாம். விமான நிலையங்கள் வெளியிடும் மெட்டார் என்னும் வானிலை அறிக்கையையே சிமுலேட்டர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்துள்ளன. பத்து பாகாட்டுக்கு அருகில் செனாய், மலாக்கா நிலையங்களின் அறிக்கைகள் கிடைக்கின்றன. ஆனால் அவ்வறிக்கையில் காட்சித் தொலைவு 10 கிலோமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் 9999 என்ற நான்கு இலக்கங்கள் மட்டுமே எழுதப்படும். விமானப் பாதுகாப்புக்கு அது போதும். வான நிறத்துக்கு அது பேரிழப்பு. பத்து பாகாட்டிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் 1,276 மீட்டர் உயர லேடாங் மலை இருக்கிறது. காட்சித் தொலைவு 12 கிலோமீட்டராக உள்ள புழுக்கமான முற்பகலில் அம்மலை இருப்பதற்கான தடயமே தெரியாது. பெருமழை காற்றைக் கழுவிவிட்டு, காட்சித் தொலைவு 100 கிலோமீட்டராக விரிந்த மாலையில், அதே உயரத்தில் பறப்பவருக்கு அம்மலை மெல்லிய நீலக் கோடாகத் தெரியும், தலைக்கு மேலுள்ள நீலமும் ஆழ்ந்துவிடும். இவ்விரு வானங்களுக்கும் மெட்டார் தரும் எண் ஒன்றே: 9999. சிமுலேட்டர் இரண்டுக்கும் ஒரே வானத்தைக் காட்டினால் பிழை வரைகலையில் இல்லை, அதற்குக் கொடுக்கப்பட்ட எண்ணில் இருக்கிறது.

உயரம் கூடும்போது இன்னொரு விலகல் வெளிப்படுகிறது. ஏரோசால் சீராகக் குறைந்துகொண்டே போவதாகக் கணக்கு கொண்டாலும், உண்மையில் தரையால் சூடாகிக் கலக்கப்படும் அடிக்காற்றுப் படலத்துக்குள் மங்கல் பெரும்பாலும் அடைபட்டுக் கிடக்கிறது. ஒன்று அல்லது இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் விமானம் அப்படலத்தைத் துளைத்து வெளியேறும்போது, நீரில் மூழ்கியிருந்தவர் தலையை வெளியே நீட்டியதுபோல், கீழே பழுப்பேறிய வெண்படலம், மேலே தெளிந்த நீலம், இரண்டுக்கும் நடுவே கத்தியால் கீறியது போன்ற கோடு என்று காட்சி பிரிகிறது. அந்தக் கோடு உண்மையான அடிவானமன்று. ஆனால் பழகாதவருக்கு அடிவானமாகவே தோன்றும். நீரிணையின் மேல், கடலும் மங்கலும் ஒரே நிறமாகி உண்மையான அடிவானம் அழிந்துபோன நிலையில், இந்தப் பொய் அடிவானத்தின் ஆபத்தை விமானி மாணவர் அறிந்திருக்க வேண்டும். சீராகக் குறையும் ஏரோசாலை மட்டும் அறிந்த மாதிரி இக்காட்சியை அவருக்கு ஒருபோதும் காட்டாது. உயரத்துக்கேற்ப ஏரோசாலை அடுக்கடுக்காகக் கொடுக்க ஹிலேர் வகையான முறைகளில் கணக்களவில் தடையில்லை என்பதால், இது செய்ய முடியாத ஒன்றும் அன்று.

அந்தியில் வேறு பிரச்சினைகள். பத்து பாகாட்டில் சூரியன் மாலை 7 மணியை ஒட்டியோ சற்றுப் பிந்தியோ, ஏறத்தாழ செங்குத்தாக நீரிணைக்குள் இறங்குகிறது. நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம் அது கீழே போவதால், வெளியே வாசிக்கத்தக்க வெளிச்சம் இருக்கும் குடிமை அந்தி ஏறத்தாழ 21 நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. லண்டனின் கோடைக்காலத்தில் இதே அந்தி முக்கால் மணிநேரம் நீள்கிறது. சூரியன் மறைந்த பிறகு தலைக்கு மேலே எஞ்சும் ஆழ்ந்த நீலத்துக்கு ராலே சிதறல் மட்டும் காரணமன்று. மேல்வளிமண்டலத்தில் உள்ள ஓசோன், ஆரஞ்சும் மஞ்சளும் கலந்த ஒளியை விழுங்கிவிடுவதே முதன்மைக் காரணம் என்று ஹல்பர்ட் 1953இல் காட்டினார். ஓசோனைச் சேர்க்காத சிமுலேட்டர்களில் அந்தியின் உச்சிவானம் சாம்பலும் மஞ்சளுமாக வெளுத்துப்போவதற்கு இதுவே காரணம். புருனேட்டன் 2017இல் தம் நிரலைப் புதுப்பித்தபோது ஓசோனைச் சேர்த்தார். ஓசோன் ஆய்வில் உலகளவில் மதிக்கப்பட்டவரும், ராமனின் மாணவருமான கல்பாத்தி ராமகிருஷ்ண ராமநாதனின் பெயர் இங்கே நினைவுக்கு வருகிறது. மின்யாக் பெக்கு கரையில் நின்று மேற்கே பார்ப்பவர் காணும் அந்தியில் இன்னொரு கூறும் உண்டு. சுமத்ராவின் மேல் 15 கிலோமீட்டர் உயரத்துக்கு எழும் இடிமேகம் அடிவானத்துக்குக் கீழே மறைந்திருந்தாலும், அதன் நிழல் நீரிணையைத் தாண்டி வந்து செவ்வானத்தை நீலக் கதிர்களாகக் கீறுகிறது. மேகங்களை ஒரு குறிப்பிட்ட தொலைவோடு நிறுத்திக்கொள்ளும் மென்பொருளால் அந்தக் கதிர்களைக் காட்ட இயலாது.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது புகைமூட்டம். 2013 ஜூன் 23 அன்று பத்து பாகாட்டின் அண்டை மாவட்டமான மூவாரில் காற்று மாசுக் குறியீடு 746ஐத் தொட்டது. 300ஐத் தாண்டினாலே அபாயம் என்று வகுக்கப்பட்ட அளவுகோலில் அது இரண்டரை மடங்கு. மூவார், லேடாங் மாவட்டங்களில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. இப்புகையின் பெரும்பகுதி சுமத்ராவின் கரிமண் நிலங்கள் எரிவதால் வருவது. கரிமண் புகையில் உள்ள பழுப்புக் கார்பன் எனப்படும் பொருள்கள் நீலத்தையும் ஊதாவையும் சிதறடிப்பதோடு நில்லாமல் விழுங்கியும் விடுவதால், அப்புகை வழியே தெரியும் வானம் சாம்பல்வெள்ளையாக இராமல் மஞ்சள்பழுப்பாக மாறுகிறது. நண்பகல் சூரியனைக்கூட வெறுங்கண்ணால் செம்மஞ்சள் தட்டாகப் பார்க்க முடிகிறது. 2019 செப்டம்பர் 21 அன்று நீரிணைக்கு அப்பால் ஜம்பி மாநிலத்தின் முவாரோ ஜம்பி வட்டாரத்தில் பகல் வானமே இரத்தச்சிவப்பாக மாறியது. அடர்ந்த புகைத்துகள்களின் மீ சிதறலே காரணம் என்று இந்தோனேசிய வானிலைத் துறை விளக்கம் தந்தது. துகளின் அளவு நிறத்தை எந்த எல்லைவரை மாற்றும் என்பதற்குத் தமிழகத்திலேயே பழைய சான்று உண்டு. 1883 ஆகஸ்டில் கிரகத்தோவா எரிமலை வெடித்த சில நாள்களில், செப்டம்பர் மாதத்தில், சென்னையிலும் இலங்கையிலும் சூரியன் பச்சையாகவும் நீலமாகவும் தோன்றியது. சென்னையில் இயற்பியல் பேராசிரியராக இருந்த மிச்சி ஸ்மித் அப்பச்சைச் சூரியனின் நிறமாலையை ஆராய்ந்து பதிவுசெய்தார். துகள்கள் ஒரு குறிப்பிட்ட பருமனில், ஏறக்குறைய ஒரே அளவினவாக அமைந்துவிட்டால் சிவப்பு அதிகம் தேய்ந்து, நீலமும் பச்சையும் தப்பி வரும் என்பது அதற்கான விளக்கம்.

சிமுலேட்டர்கள் இந்தப் புகையை எப்படிக் காட்டுகின்றன என்றால், பெரும்பாலும் மூடுபனியாகவே காட்டுகின்றன. மெட்டார் அறிக்கையில் மங்கலுக்கும் புகைக்கும் தனித்தனிக் குறியீடுகள் உண்டு. ஆனால் மென்பொருள் அதிலிருந்து காட்சித் தொலைவை மட்டும் எடுத்துக்கொண்டு வெண்சாம்பல் திரையை இழுத்துவிடுவதே வழக்கம். ஏரோசாலின் அளவைப் பயனர் தாமே கூட்டிக் குறைக்கும் வசதி புதிய மென்பொருள்களில் வந்திருப்பது வரவேற்கத்தக்கது என்றாலும், அளவைக் கூட்டினால் வெண்மை கூடுமே தவிரப் பழுப்பு வராது. ஏனெனில் அந்த ஏரோசால் நீலத்தை விழுங்கக் கற்றுக்கொள்ளவில்லை. மூன்று நிறங்களுக்கும் மூன்று வேறு விழுங்கல் எண்களைக் கொடுத்தாலே போதும் என்ற அளவுக்குத் தீர்வு எளிது. வானம் என்பது நீலத்தின் வகைகளே என்ற முற்கோள்தான் தடை. அது வடக்கு நாடுகளில் உருவான முற்கோள்.

திரையைப் பற்றியும் ஒரு சொல். பகல் வானத்தின் பொலிவு சதுர மீட்டருக்குப் பல ஆயிரம் கேண்டெலா. சூரிய வட்டின் பொலிவு அதனினும் இலட்சக்கணக்கான மடங்கு. வீட்டுத் திரையோ பெரும்பாலும் சில நூறு கேண்டெலாவைத் தாண்டுவதில்லை. எனவே எல்லாக் கணக்கும் சரியாக இருந்தாலும் இறுதியில் பொலிவைச் சுருக்கும் கட்டத்தில் நிறம் கெடலாம். செவ்வானம் மஞ்சளாகத் திரிவதற்குப் பெரும்பாலும் இந்தச் சுருக்கமே காரணம். இது தனி ஆய்வுக்குரிய பொருள்.

பயிற்சிக்கான உயர்நிலைச் சிமுலேட்டர்களுக்குரிய விதிகள் பகல், அந்தி, இரவுக் காட்சிகளையும் குறைந்த காட்சித் தொலைவையும் காட்டும் திறனைக் கோருகின்றன; புகை பழுப்பாக இருக்க வேண்டும் என்று அவை கேட்பதில்லை. ஆனால் நீரிணையின் இருபுறமும் பறக்கப்போகும் விமானிக்கு, வெள்ளை மூடுபனியைக் காட்டிப் புகைமூட்டத்தைக் கற்பிப்பது அரைப் பயிற்சிதான். மூடுபனி வெயிலேறக் கலையும், புகை கலையாது. மூடுபனி தரையை ஒட்டிக் கிடக்கும், புகை ஏற ஏறக் கூடவே வரும். இரண்டையும் நிறத்தால் பிரித்தறியும் கண் தொழிலுக்கு வேண்டிய கண். இவ்வட்டாரத்துக்குத் தேவையான அளவீடுகள் ஏற்கெனவே பெரும்பாலும் உள்ளன: நாசாவின் ஏரோநெட் வலையமைப்பு சிங்கப்பூரிலும் பினாங்கிலும் வானத்தின் பொலிவை அளந்து ஏரோசாலின் அளவையும் துகள்பருமனையும் தருகிறது, ஜப்பானின் ஹிமாவரி செயற்கைக்கோள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இப்பகுதியைப் படமெடுக்கிறது, ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் சேவை புகையின் பரவலை முன்கூட்டியே கணித்து வெளியிடுகிறது. மெட்டாரின் 9999க்குப் பதிலாக இவற்றை உள்ளீடாகக் கொடுக்க யாராவது முனைய வேண்டும்.

அந்த முனைப்பு பத்து பாகாட்டிலிருந்தே வரலாம். இம்மாவட்டத்தின் பாரிட் ராஜாவில் உள்ள துன் உசேன் ஓன் பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர்கள் இருக்கிறார்கள். ஃபிளைட்கியர் என்னும் சிமுலேட்டர் இலவசமானது, அதன் நிரல் எவரும் படிக்கவும் திருத்தவும் திறந்தே கிடக்கிறது, இயற்பியலாளர் தோர்ஸ்டன் ரென்க் அதற்கெழுதிய ஒளிச்சிதறல் பகுதியும் அப்படியே. கைப்பேசிக் கேமராவின் வெண்மைச் சமநிலையையும் ஒளியளவையும் மாறாமல் பூட்டிவைத்து, மின்யாக் பெக்கு கரையிலிருந்து ஒரே இடத்தில், ஒரே நேரங்களில், ஓராண்டு முழுவதும் வானத்தைப் படமெடுத்து, அன்றைய காற்று மாசுக் குறியீட்டையும் செனாய், மலாக்கா மெட்டார் அறிக்கைகளையும் லேடாங் மலை தெரிந்ததா என்பதையும் உடன் எழுதி வைத்தால், இந்த ஊரின் வானத்துக்கு முதல் அட்டவணை கிடைத்துவிடும். தமிழறிந்த மாணவர் ஒருவரேனும் அவ்வேலையை ஏற்க முன்வர வேண்டும்; தொடங்குவதற்கு உகந்த மாதம், புகையும் சுமத்ராஸ் மழையும் மாறிமாறி வரும் ஜூன்.